முத்திரைத்தாளில் முடியாது விவாகரத்து: குடும்பச் சட்டக் கேள்வி பதில்

கே: திருமணமாகி எட்டு மாதம். இருவருக்கும் சம்மதம். உடனே விவாகரத்து கிடைக்குமா?

கிடைக்காது. இந்து திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மத மனுவுக்கு ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு வரும் ஆறு மாதக் காத்திருப்பை மட்டும் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். 2017-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது.

கே: அப்பாவின் வங்கி டெபாசிட்டுக்கு நான்தான் நாமினி. தம்பி பங்கு கேட்கிறான். கொடுக்க வேண்டுமா?

வேண்டும். அப்பா உயில் எழுதாத பட்சத்தில் அது அம்மா உட்பட எல்லா வாரிசுகளுக்கும் உரியது. வங்கியிடம் வாங்கும் உரிமைதான் நாமினிக்கு.

கே: சொத்தில் எனக்குப் பங்கு உண்டா?

யாருடைய சொத்து? சுயமாகச் சம்பாதித்ததா, பரம்பரையா? உயில் உண்டா? நீங்கள் எந்த மதம்? அவர் எந்த ஆண்டு இறந்தார்? எதையுமே எழுதவில்லை. தேதி இல்லாத கேள்விக்குப் பதில் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். இந்து அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956 முதலே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. மற்றதற்கு விவரத்தோடு எழுதுங்கள்.

கே: 2019-ல் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் என் தம்பியை அவன் மனைவியிடமிருந்து அத்துவிட்டார்கள். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரி முத்திரையும் இருக்கிறது. இப்போது பெண் பார்க்கிறோம். பிரச்சினை வருமா?

வரும். பெண் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் தம்பிக்கு இன்னும் விவாகரத்து ஆகவில்லை.

இந்தக் கடிதம் ஏதோ ஒரு வடிவத்தில் மாதம் ஒன்றாவது வருகிறது. நோட்டரி, கையெழுத்து உங்களுடையதுதான் என்று சான்று சொல்பவர். திருமணத்தை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, பஞ்சாயத்துக்கும் கிடையாது. 'எங்கள் சாதியில் வழக்கம் உண்டு' என்பீர்கள். வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டம் ஒழிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக உங்கள் சமூகத்தில் இருந்தது என்று சாட்சியத்தோடு நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலோர் அங்கேதான் தோற்கிறார்கள்.

தோற்றால் என்ன ஆகும்? இரண்டாம் திருமணம் செல்லாது. முதல் மனைவி புகார் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, நம்பி வரும் அந்த இரண்டாவது பெண்ணைப் பற்றித்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இறந்த கணவரின் குடும்ப ஓய்வூதியத்துக்காக என்னிடம் வந்தார். கணவர் முதல் மனைவியை அத்துவிட்டதாக எழுதிய பழைய விடுதலைப் பத்திரத்தை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தார். அவரோடு பதினைந்து ஆண்டு குடும்பம் நடத்தியவர். சட்டத்தின் கண்ணில் அவர் மனைவியே இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளைச் சட்டம் கைவிடாது. அப்பா, அம்மா சொத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த அம்மாவுக்கு?

முதல் மனைவியின் கதையும் இதுதான். ஒரு தொகையைக் கையில் கொடுத்து, 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்குகிறார்கள். அந்த ஒரு வரியால் அவருடைய ஜீவனாம்ச உரிமை தானாக ஒழிந்துவிடாது. ஆனால் அது அவருக்குத் தெரியாது, யாரும் சொல்வதும் இல்லை.

சரி, வழி என்ன? தம்பியின் முதல் மனைவியிடம் பேசி, இருவரும் சேர்ந்து குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத மனு போடுங்கள். 2019 முதல் பிரிந்திருப்பதற்கு அந்தப் பத்திரமே ஆதாரமாக உதவும். அதற்குத்தான் அது உதவும். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். நீதிமன்றத்தின் விவாகரத்து உத்தரவு (டிக்ரி) கைக்கு வந்த பிறகு பெண் பாருங்கள்.

கே: இறந்துபோன அக்காவின் மகனைத் தத்தெடுக்க விரும்புகிறோம். வயது 16. எங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான்.

இந்து தத்தெடுப்புச் சட்டப்படி இரண்டு தடைகள். தத்துப்பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது (சமூக வழக்கம் அனுமதித்தால் விலக்கு உண்டு). மகன் உள்ளவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்கவும் முடியாது. அவனுடைய அப்பா உயிரோடு இருக்கிறாரா என்றும் எழுதவில்லை! அவர் உயிரோடு இல்லையென்றால் உங்களைக் காப்பாளராக நியமிக்கக் கோரி 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில் மனு போடலாம். அவனுக்குச் சொத்து தர நினைத்தால் உயில் எழுதுங்கள். அன்புக்குத் தத்துப் பத்திரம் தேவையில்லை.

கே: மகளுக்கு 3 வயது. கணவருக்கு என்னைவிட மூன்று மடங்கு சம்பளம். குழந்தை அவரிடம் போய்விடுமா?

சம்பளத்தைப் பார்த்து யாரும் குழந்தையைக் கொடுப்பதில்லை. ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம்தான். அதற்குப் பிறகும் குழந்தையின் நலனே முதல் அளவுகோல். அவருடைய சம்பளம் குழந்தையின் பராமரிப்புத் தொகையை நிர்ணயிக்கும்போது கணக்கில் வரும். ஒன்று மட்டும்: அப்பா பார்க்க வருவதைத் தடுக்காதீர்கள். நீதிபதி அதைக் கவனிப்பார், குழந்தையும் கவனிக்கும்.

கே: அப்பாவின் உயிலில் அவரைவிட மூத்த நண்பர்கள் இருவர் சாட்சிகளாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பதிவு செய்யவில்லை. செல்லுமா?

செல்லும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். அப்பாவைவிட மூத்த நண்பர்கள் இருவரைச் சாட்சியாக்கியிருக்கிறீர்கள். அப்பா நல்ல நினைவோடு இருக்கும்போதே, வயதில் இளைய இரண்டு பேரை வைத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். தேதி போட மறக்க வேண்டாம். அசல் அப்பாவிடமே இருக்கட்டும்.