தறி எப்போதெல்லாம் நிற்கும்?

ஆந்திராவின் நகரியிலிருந்து வந்து பேசிவிட்டுப் போன அண்ணாவுக்கு,

நீங்கள் போன பிறகு மகளின் ப்ரோக்ராமிங் லேப் நோட்டை நிதானமாகப் புரட்டினேன். "வீட்டில தமிழ், பள்ளிக்கூடத்தில தெலுங்கு, காலேஜ்ல இங்கிலீஷ். பிள்ளைக்கு ஏறல, டிப்ளமோவை நிறுத்திடலாமா?" என்று கேட்டீர்கள். நிறுத்த வேண்டாம்.

ஆண்ட் (இரண்டும் வேண்டும்), ஆர் (ஒன்று போதும்), நாட் (தலைகீழாகத் திருப்புவது) மூன்றுக்கும் ட்ரூத் டேபிளை, அதாவது எதைக் கொடுத்தால் என்ன விடை என்ற அட்டவணையை, தப்பில்லாமல் போட்டிருக்கிறாள். சறுக்கியது ஃபங்ஷன் (உள்ளீட்டை வாங்கி விடை தரும் நிரல் துண்டு) எழுதும்போதுதான். புகை, சூடு இரண்டையும் வைத்து அலாரத்துக்கு ஒரு ஃபங்ஷன் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கேள்விக்குப் பக்கத்தில் தெலுங்கு எழுத்தில் தமிழைக் குறித்து வைத்திருக்கிறாள்: "புகை வந்தாலும் சூடு ஏறினாலும் மணி அடிக்கணும்." அதில் இரண்டு 'உம்' இருக்கிறது. உம் வந்தால் ஆண்ட் என்று நினைத்து அதன் குறியான && போட்டுவிட்டாள். ஆக, புகை மட்டும் வந்தால் மணி அடிக்காது.

இதை நீங்களே சொல்லிக்கொடுக்கலாம் அண்ணா. உங்கள் தறி எப்போதெல்லாம் நிற்கும் என்று அவளிடம் கேளுங்கள். ஊடை அறுந்தாலும் நிற்கும், நாடா பெட்டிக்குப் போய்ச் சேராவிட்டாலும் நிற்கும். இரண்டில் ஒன்று நடந்தால் போதும், அது ஆர். எப்போது ஓடும்? கரண்டும் இருந்து கைப்பிடியும் போட்டிருந்தால்தான் ஓடும், அது ஆண்ட். இரண்டு வாக்கியத்திலும் 'உம்' இருக்கிறது, ஆனால் 'ஆலும்... ஆலும்' என்பது வேறு, 'உம்... உம்... இருந்தால்தான்' என்பது வேறு. பிறந்ததிலிருந்து அவள் சரியாகப் பேசிவரும் வித்தியாசம் இது. இரண்டையும் ஃபங்ஷனாக எழுதி இல்லை என்றால் 0, ஆம் என்றால் 1 என்று வைத்து 00, 01, 10, 11 என்று நான்கு விதமாகவும் கொடுத்துப் பார்க்கட்டும்.

அது கைவந்ததும், நாண்ட் என்று ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதச் சொல்லுங்கள். ஆண்ட் தரும் விடையை அப்படியே திருப்பிப் போட்டால் நாண்ட். இனி மற்றதெல்லாம் இதை மட்டும் கூப்பிட்டே வர வேண்டும். இரண்டு உள்ளீட்டுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்தால் நாட் கிடைக்கும். நாண்ட் தருவதை அந்த நாட் ஃபங்ஷனுக்குள் அனுப்பினால் ஆண்ட். இரண்டு உள்ளீட்டையும் முதலில் நாட் ஃபங்ஷனால் திருப்பிவிட்டு நாண்டுக்குக் கொடுத்தால் ஆர். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடுவது எப்படி என்பது இதில் புரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது.

அவள் நோட்டில் இன்னொரு சிக்கலும் கண்ணில் பட்டது. & ஒன்று, && இரண்டு; இவற்றை மாற்றி மாற்றிப் போடுகிறாள். சி மொழியில் 5 && 2 என்றால் விடை 1, 5 & 2 என்றால் 0. முன்னது இரண்டும் பூஜ்ஜியம் இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. பின்னது ஒவ்வொரு பிட்டாக (0, 1 என்ற இலக்கமாக) ஒப்பிடுகிறது: 5-ஐ 0, 1 மட்டும் வைத்து எழுதினால் 101, 2-ஐ எழுதினால் 010; இரண்டிலும் ஒரே இடத்தில் 1 எங்கும் இல்லை. நாட் என்பதற்கு ~ போடுவதும் அப்படித்தான். ~1 என்றால் -2 வரும். பூஜ்ஜியம் இல்லாததால் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். ! போட வேண்டும்.

இதெல்லாம் எங்கே உதவும் என்று கேட்டீர்களே. தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சி என்ற கணினியில் இதே ஆண்ட், ஆர்தான். ஸ்விட்சுகளைத் தொடராக இணைத்தால் ஆண்ட், பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் ஆர். ஸ்விட்ச் இணைப்புகளை இந்தக் கணக்கால் எழுதலாம் என்று 1937-இல் தன் ஆய்வேட்டில் காட்டிய அமெரிக்கர் கிளாட் ஷானனுக்கு அப்போது வயது 21, அவரும் மாணவர்தான். டிப்ளமோவை முடித்து ஈசெட் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் நேராக பி.டெக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாதியில் நின்றால் அந்த வழி இல்லை.

அடுத்த தடவை வரும்போது, நாண்டை வைத்தே எழுதிய ஆர் ஃபங்ஷனை அவள் கொண்டு வரட்டும். நான்கு விடையையும் மூன்று பேருமாக உட்கார்ந்து பார்ப்போம்.