ஃபெஸ் சந்துகளில் கைடு எதற்கு?

கேள்வி: மொராக்கோ போகிறோம். ஃபெஸ் பழைய நகரத்தைக் கைடு வைத்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும் என்கிறார்கள். கையில் போன் இருக்கும்போது எதற்குத் தண்டச் செலவு?
– வாசகி, கோவை

பதில்: போன் அங்கே பாதி நேரம் உளறும். சந்து அவ்வளவு ஒடுக்கம், இரண்டு பக்கமும் சுவர் ஓங்கி நிற்கும், சில இடங்களில் மேலே கூரையும் உண்டு; நீங்கள் பக்கத்துத் தெருவில் நிற்பதாக நீலப் புள்ளி சாதிக்கும். ஆனாலும் வழிக்காகக் கைடு வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பூ ஜெலூத் வாசலில் நுழைந்து தலா கபீரா தெருவைப் பிடித்தால், அது இறக்கமாகவே போய் நடு ஊரில் கொண்டுபோய் விடும். திரும்ப மேடேறினால் வாசல், அவ்வளவுதான்.

கைடு வேண்டியது வேறு காரணத்துக்கு. அந்த வாசலையே எடுத்துக்கொள்ளுங்களேன், வெளியே நீல ஓடு, உள்ளே பச்சை ஓடு. ஆயிரம் வருஷப் பழசு என்று நினைத்து வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்தேன். 1913-இல், பிரெஞ்சு ஆட்சி வந்த கையோடு கட்டியது என்று கைடு சொன்னதும் அசடு வழிந்தேன். நிஜமான பழைய வாசல் பக்கத்திலேயே சின்னதாக நிற்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொஞ்சம் கீழே பூ இனானியா மதரஸா. அதற்கு எதிர்ச் சுவரில் வரிசையாக ஜன்னல்கள், மரத் தாங்கிகள். அது 1357-இல் அமைத்த நீர்க் கடிகாரம்! சொல்லாவிட்டால் பழைய வீடு என்று நினைத்துப் போய்விடுவோம். மூலாய் இத்ரீஸ் தர்காவுக்குப் போகும் சந்தில் குறுக்கே ஒரு மரக்கட்டை, குனிந்துதான் போக வேண்டும். கழுதைகளும் கோவேறு கழுதைகளும் அதைத் தாண்டி வரக்கூடாது என்பதற்காக வைத்த எல்லை அது.

கார் நுழையாத ஊர் என்பதால் சரக்கெல்லாம் அவற்றின் முதுகில்தான். பின்னாலிருந்து 'பாலக்! பாலக்!' என்று குரல் வந்தால் கீரைக்காரர் என்று நின்றுவிடாதீர்கள், 'ஒதுங்கு' என்று அர்த்தம். சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைடுகள் கடை கடையாகத் தள்ளிக்கொண்டு போவார்களாமே?
– வாசகர், மதுரை

பதில்: போவார்கள், கமிஷன் இருக்கிறது. என்னை ஒருவர் கம்பளக் கடையில் உட்கார வைத்து, டீ மேல் டீ கொடுத்து, ஒரு மணி நேரத்தைத் தின்றார். கிளம்பும் முன்பே 'கடை வேண்டாம்' என்று கறாராகச் சொல்லுங்கள், அரசு கொடுத்த அட்டை கழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'அந்த வழி மூடியிருக்கு, நான் கூட்டிப் போறேன்' என்று வரும் பையன்களிடம் சிரித்துவிட்டு நேராக நடங்கள், வழி திறந்துதான் இருக்கும்.

ஒரே ஒரு கடைக்கு மட்டும் விலக்கு. சவாரா தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்கத் தோல் கடைகளின் மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும். வாசலில் ஒரு கொத்துப் புதினா தருவார்கள், வாங்கி மூக்கில் வையுங்கள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும், எச்சத்தில் இருக்கும் அமோனியாதான் தோலை மிருதுவாக்குகிறது. அடுத்து சாயத் தொட்டிகள், தொடை வரை இறங்கி நின்று மிதிக்கும் ஆட்கள். புதினா இரண்டு நிமிஷம் தாங்கும், அப்புறம் மூக்கே மரத்துவிடும்.

கேள்வி: அல் கராவியீன் உள்ளே போகலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: முஸ்லிம் என்றால் போகலாம், மற்றவர்களுக்கு வாசல் வரைதான். 859-இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் கட்டியதாகச் சொல்லப்படும் பள்ளிவாசல், அதிலிருந்து வளர்ந்த பல்கலைக்கழகத்துக்கு இன்றைக்கும் அல் கராவியீன் என்றுதான் பெயர். கதவு திறந்திருக்கும்போது முற்றம் தெரியும். பக்கத்திலுள்ள அத்தாரீன் மதரஸாவுக்குள் எல்லோரும் போகலாம், மர வேலைப்பாட்டை அங்கே நிதானமாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், பாதிக் கடை மூடியிருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கழுதை போன தெரு அல்லவா.