அண்ணாச்சி பதில்கள்: கொல்ல லைசென்ஸ் சரி, குடிக்க?

கேள்வி: ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குப் படம் குடிக்கிறார். அப்புறம் குறி தப்பாமல் சுடுகிறார். தென் மும்பை ஹோட்டல் பாரில் 28 வருஷம் நின்றவர் நீங்கள். சொல்லுங்கள் அண்ணாச்சி, இது நடக்குமா? (தாராவி வாசகர்)

பதில்: சுடுவது இருக்கட்டும் தம்பி, வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்துவிடுவாரா என்று முதலில் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் இரண்டு டாக்டர்கள், இயான் ஃபிளெமிங் எழுதிய 14 பாண்ட் புத்தகங்களையும் உட்கார்ந்து படித்து, அவர் குடித்ததையெல்லாம் கணக்கெழுதினார்கள். 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் அது வந்தது. வாரத்துக்கு 92 யூனிட். யூனிட் என்றால் பத்து மில்லி சுத்த ஆல்கஹால், ஆனால் அப்படிச் சொன்னால் நமக்கு ஓடாது. நம் ஊர் சரக்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதை வைத்துப் போட்டுப் பார்த்தேன், வாரத்துக்குப் பன்னிரண்டு குவார்ட்டர் வருகிறது. அப்போது அந்த ஊரில் ஆண்களுக்குச் சொல்லியிருந்த வரம்பு 21 யூனிட், மூன்று குவார்ட்டர்கூட இல்லை. சிறையிலோ ஆஸ்பத்திரியிலோ கிடந்து, குடிக்க வழியில்லாமல் போன 36 நாளைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு இது!

மார்ட்டினி என்ற காக்டெயிலை ஸ்பூனால் கலக்காதே, குலுக்கிக் கொடு என்கிறாரே, அதற்கும் கிண்டலாக ஒரு காரணம் சொன்னார்கள். குடியால் கை நடுங்குகிறவர் எங்கே கலக்குவது, எல்லாம் குலுக்கல்தானே.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் பாருக்குத் தினம் ஆறரை மணிக்கு வரும் ஒரு ஆபீசர். அவருடைய முதல் பெக்கை மட்டும் பெரிய பீர் மக்கில் ஊற்றி, சோடா விட்டு, கால்வாசிக்கு மேல் போகாமல் கொடுப்பேன். சின்ன கிளாஸில் கொடுத்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கொட்டும். வந்ததும் எழுதி வாங்கும், குடிப்பதற்கான பெர்மிட் சீட்டில் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். மூன்று பெக் முடிந்து பில்லில் போடுவது முத்து முத்தாக விழும். ஒரே ஆள், ஒரே பேனா. புதிதாக வந்த பையன்கள், ‘சார் குடித்தால்தான் தெளிவு’ என்று சிரிப்பார்கள். குடித்தால்தான் கை நிற்கும் என்கிற நிலைமைக்குப் பேரே வேறு என்று அவர்களைத் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டு அடுத்த பெக்கை ஊற்றியதும் நான்தான்.

கேள்வி: மார்ட்டினியைக் குலுக்கினால் ருசி கூடுமா? (சயான் வாசகர்)

பதில்: கூடாது. ஐஸ் உடைந்து தண்ணீர் அதிகம் சேரும், காற்றுக் குமிழி ஏறிக் கலங்கலாகும். எலுமிச்சைச் சாறு, பழச்சாறு சேர்ந்தால் குலுக்கலாம். மார்ட்டினி மாதிரி ஜின்னும் வெர்மூத் என்ற ஒயினும் மட்டும் என்றால் பார்க்காரன் ஸ்பூனைத்தான் எடுப்பான்.

1953-ல் வந்த முதல் நாவலில் பாண்டே ஒரு பக்குவம் சொல்கிறார்: ஜின் மூன்று பங்கு, வோட்கா ஒன்று, லில்லெ என்ற ஒயின் அரை. பங்குக்கு 30 மில்லி வைத்தால் ஒரு கிளாஸுக்குள்ளேயே நாலு ஸ்மால். 2008 படத்தில் விமானத்தில் பறந்துகொண்டே இதில் ஆறு குடித்திருக்கிறார். ஆறு நாலு இருபத்து நாலு, ஆக 720 மில்லி. ஃபுல் பாட்டிலில் மிச்சம் ஒரே ஒரு ஸ்மால்! நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் இந்தக் காட்சியைக் கணக்கிட்டு, ரத்தத்தில் 100 மில்லிக்கு 360 மில்லிகிராம் ஆல்கஹால் என்றார்கள். நம் ஊரில் 30-ஐத் தாண்டினாலே டிராஃபிக் போலீஸ் வண்டியை ஓரம் கட்டச் சொல்லும்.

கேள்வி: என் மகனுக்கு இருபது வயது. இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மார்ட்டினி கிளாஸ் இரண்டு வாங்கி வைத்திருக்கிறான். கவலைப்படவா? (செம்பூர் வாசகி)

பதில்: கிளாஸுக்காகக் கவலைப்படாதீர்கள் அம்மா, பாயசம் ஊற்றிக் கொடுங்கள், பார்க்க அழகாக இருக்கும். சட்டப்படி மகாராஷ்டிரத்தில் பீருக்கே 21 ஆக வேண்டும், மற்றதற்கு 25. எனக்கு அந்தப் படங்களில் குறையாகப் படுவது வேறு. இரவு பார் காட்சி வரும், மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு ஆள் நிற்பார். நடுவில் வாந்தி, தலைவலி, வீட்டுக்காரி முகம் எதுவும் கிடையாது. எழுதிய ஃபிளெமிங்குக்குக் குடியும் சிகரெட்டும் நிறைய. 1964-ல் இதய நோயில் போனபோது வயது 56. மகனோடு சேர்ந்து படம் பார்க்கும்போது இதையும் பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பாண்டுக்குக் கொல்ல லைசென்ஸ் உண்டு. நம் மும்பையில் குடிக்க? (மாட்டுங்கா வாசகர்)

பதில்: அது தனியாக வாங்க வேண்டும். 1949-ல் போட்ட மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் பாருக்கே ‘பெர்மிட் ரூம்’ என்று பெயர். ஒருநாள் பெர்மிட் ஐந்து ரூபாய், பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். உளவாளிக்கு இது சங்கடம்தான். ஆனால் இவருக்குக் கஷ்டமிருக்காது. போகிற இடமெல்லாம் பேரை இரண்டு தடவை சொல்லியே பழக்கம்.