பழைய டிவியில் அகலத்திரைப் படம் போட்டால் கறுப்புப் பட்டை வருவது ஏன்?

சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய டிவிடியை அம்மாவின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் பழைய டிவியில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது, டிவி பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை.

அந்த டிவியின் திரை 4:3. அதாவது அகலம் உயரத்தைப் போல 1.33 மடங்குதான். சினிமாஸ்கோப் படமோ சுமார் 2.35 மடங்கு அகலம். முழு அகலமும் தெரிய வேண்டுமென்றால் படம் திரை உயரத்தில் 57 விழுக்காட்டை மட்டுமே பிடிக்கும், மீதி கறுப்பு. பட்டையைப் போக்க ஜூம் செய்தால் படத்தின் பக்கவாட்டில் 43 விழுக்காடு போய்விடும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கு நுனிதான் மிஞ்சும்! இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் பார்த்துப் பார்த்து அமைத்த சட்டகம் அது. தயவுசெய்து வெட்டாதீர்கள்.

எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிகிறார்களா? அப்படியானால் பிளேயர் அமைப்பில் டிவி வடிவம் 16:9 என்று இருக்கும். அதை '4:3 லெட்டர்பாக்ஸ்' என மாற்றுங்கள், சரியாகிவிடும். பக்கத்திலேயே '4:3 பேன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கும். அது ஓரங்களை வெட்டக்கூடியது, வேண்டாம்.

அப்புறம், 2019 தொடக்கத்தில் இங்கே சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டதால் வசந்தம் ஒளிவழியைப் பார்க்க அம்மா செட்டாப் பாக்ஸ் வைத்திருப்பார். அதிலும் இதே அமைப்பு தனியாக உண்டு. அதையும் பாருங்கள்.