காதைத் தொட்ட கை

அன்புள்ள அம்மா,

பத்து வருடமாக லண்டனில் இருக்கிறோம். சொந்த ஊர் தென்காசி பக்கம். என் மகன் இங்கே ஒரு பெரிய கால்பந்து கிளப்பின் அகாடமியில் ஒன்பது வயதிலிருந்து ஆடுகிறான். வருகிற ஜூலையில் பன்னிரண்டு முடிகிறது. அணியிலேயே அவன்தான் குட்டை. 139 செ.மீ., 31 கிலோ. ஒவ்வொரு மேட்சிலும் எத்தனை நிமிடம் இறக்கினார்கள் என்று எக்செலில் குறித்து வருகிறேன். போன சீசனைவிட 40 சதவீதம் குறைந்திருக்கிறது. கேட்டால் கோச், "உடம்பு வரட்டும், பார்க்கலாம்" என்கிறார். நாங்கள் இப்போதே வேறு கிளப்புக்கு மாறிவிடலாமா, அல்லது அவர்களாக அனுப்பும்வரை இருக்கலாமா? நம் நிறமும் ஒரு காரணமாக இருக்குமா? மெஸ்ஸிக்குக் கொடுத்த வளர்ச்சி ஹார்மோனைப் பற்றி டாக்டரிடம் விசாரிக்கலாம் என்று மனைவி சொல்கிறாள். இங்கே தொழில்முறை ஆட்டக்காரரான தமிழர் விமல் யோகநாதன் வந்த பிறகு நமக்கும் ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. நீங்கள் கால்பந்து பற்றி முன்பு எழுதியிருப்பதால் கேட்கிறேன்.

கே., லண்டன்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது என் தம்பி ரிடையர் ஆகி நாலு நாள் ஆகியிருந்தது. மே 31. அன்றைக்கு நம் ஊர் அரசு அலுவலகங்களில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக மாலையும் சால்வையுமாக வீடு திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். இத்தனை பேர் ஒரே நாளில் எப்படிப் பிறந்தார்கள்? யாரும் பிறக்கவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், அப்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், அதனால் ஹெட்மாஸ்டர் ஜூன் 1 என்று எழுதிவிடுவார். முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்தின மாதக் கடைசியோடு சர்வீஸ் முடியும். தம்பிக்கு சர்டிஃபிகேட்டில் 1965 ஜூன் 1. உண்மையில் அவன் பிறந்தது 1966 வைகாசியில். அறுபது முடிந்தது என்று மாலை போட்டு அனுப்பியபோது அவனுக்கு ஐம்பத்தொன்பது. ஒரு வருஷச் சம்பளம் போச்சு என்று வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம், அவனும் சேர்ந்துதான் சிரித்தான். அப்போதுதான் உங்கள் கடிதத்தில் அந்த "ஜூலை" கண்ணில் பட்டது.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுகிறேன்.

ஹார்மோன். மனைவி தலையில் போடாதீர்கள், அந்த வரியை எழுதியது நீங்கள். மெஸ்ஸிக்கு இருந்தது வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, ரொசாரியோவில் மருத்துவர்கள் சோதித்துக் கண்டுபிடித்த ஒரு நோய். 2000-ல் பதின்மூன்று வயதில் அவர் பார்சிலோனாவுக்குப் போனபோது சிகிச்சைச் செலவை கிளப் ஏற்றுக்கொண்டது. உங்கள் பையனுக்கு இருப்பது ஜூலை. அதற்கு ஊசி கிடையாது. ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளையை மேட்சில் இன்னும் பத்து நிமிடம் நிற்பதற்காக ஊசிக்குக் கொண்டுபோகலாம் என்று யோசிக்கிற இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்றால், குறைபாட்டை நீங்கள் வேறு எங்காவது தேட வேண்டும்.

நிறம். இருக்கலாம். அந்த நாட்டில் நம்மைப் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டத்தில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது தெரிந்ததே. இங்கே உட்கார்ந்துகொண்டு உங்கள் கோச்சின் மனதைப் படிக்க என்னால் முடியாது. விமல் யோகநாதன் 2024-ல் பார்ன்ஸ்லி கிளப்புக்காக இறங்கியபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் உங்கள் பையனுக்காக ஆடவில்லை, அவருக்காக ஆடினார்.

இனி அந்த ஜூலை.

இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1-ல் தொடங்குகிறது, பள்ளி வருடத்தை ஒட்டி. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணி. அகாடமியில் பதிவு செய்வது ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்து. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்றால் அவன் வாழ்ந்த வாழ்க்கையில் எட்டில் ஒரு பங்கு! ஆடிப்பட்டத்தில் விதைத்ததையும் புரட்டாசியில் விதைத்ததையும் ஐப்பசியில் ஒரே வரப்பில் நின்று பார்த்து, இது நல்ல விதை, அது சொத்தை என்று சொல்கிற விவசாயியை ஊரில் என்ன சொல்வார்கள்? ஆனால் உலகம் முழுக்க கிளப்புகள் இதைத்தான் செய்து வந்திருக்கின்றன. இங்கிலாந்து அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் பிள்ளைகள் நிரம்பி வழிவதும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பிள்ளைகள் அருகிப் போவதும் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துச் சொன்னது. ஸ்பெயினில் ஜனவரி 1-ல் கோடு போடுகிறார்கள், அங்கே கூட்டம் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள். உங்கள் பையனையே விமானத்தில் ஏற்றி ஸ்பெயினில் இறக்கினால் அவன் நடுவில் வந்துவிடுவான். ஸ்பெயின் ஆட்டக்காரன் லமீன் யமால் பிறந்ததுகூட ஜூலைதான், 2007 ஜூலை 13. பதினைந்து வயதில் பார்சிலோனா முதல் அணியில் இறங்கினான். அதே காலை, அதே கண்ணை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் எட்டு வயதில் ட்ரயலுக்குப் போயிருந்தால் கூட்டத்திலேயே சின்னவன் என்று பின்வரிசையில் நின்றிருப்பான்.

இதில் கொடுமை தேர்வோடு முடிவதில்லை. முதலில் எடுக்கப்பட்டவனுக்கு நல்ல புல்தரை, நல்ல கோச், வாரத்துக்கு மூன்று நாலு பயிற்சி கிடைக்கிறது. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் அவன் நிஜமாகவே நன்றாக ஆடுகிறான். பார், நாங்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று அதைக் காட்டுவார்கள். மாதம் கொடுத்த வித்தியாசம் அப்புறம் திறமை என்ற பெயரில் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

சரி, என் தம்பி கதைக்கு வருகிறேன், அது இல்லாமல் நான் எழுதி முடிக்கப் போவதில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தூத்துக்குடியில் அம்மா உப்பளத்து வேலைக்குப் போக வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டாம் வகுப்பிலிருந்த என்னோடு அவனையும் சேர்த்துவிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் காலத்தில் வயதுக்குச் சான்று கை. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளிக்கூடம், தொடாவிட்டால் அடுத்த வருஷம். சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை, எட்டாது. வளர வளர எட்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கை நீளம். போதாததற்கு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளடா என்று அம்மா முந்தின நாள் ராத்திரியே பழக்கியிருந்தாள். தொட்டும் தொடாமலும் விரல் நுனி காது மடலில் பட்டது. ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டு ஜூன் 1 என்று எழுதினார், பிறந்த வருஷத்தில் ஒன்றைக் குறைத்து. எல்லோருக்கும் நல்லதாகத்தான் பட்டது.

பள்ளிக்கூடத்தில் தம்பி வெறுங்காலோடு ஃபுட்பால் ஆடுவான். பந்து அவன் காலை விட்டுப் போகாது. நான் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அவனோடு சண்டை போட்டவர்களும் அதைச் சொல்வார்கள். 1979 ஏப்ரலில் ஒரு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள், பதினான்கு வயதுக்குள். அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். தேர்வு செய்கிறவர் அவன் ஆட்டத்தை ரசித்தாராம். கடைசியில் தோளில் கை வைத்து, "நல்லா ஆடுற தம்பி, ஆனா பொடிசா இருக்கியே. ஒரு வருஷம் வளர்ந்துட்டு வா" என்றார். மனசாட்சியோடு பேசிய மனிதர்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி சந்தோஷமாகத் திரும்பி வந்தான். அடுத்த ஏப்ரலில் நான்கு அங்குலம் வளர்ந்துவிட்டு அதே மைதானத்துக்குப் போனபோது சர்டிஃபிகேட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயது பதினான்கு தாண்டிவிட்டது. நிஜத்தில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது! அப்பா தேதியைத் திருத்தப் பள்ளிக்கூடத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் சில நாள் நடந்தார், பிறகு விட்டுவிட்டார்.

அதே 1979 அக்டோபரில்தான் பார்சிலோனாவில் லா மாசியா திறந்தார்கள் என்பதை நான் ரொம்பப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1702-ல் கட்டிய பழைய பண்ணை வீடு, ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே. அதை வெளியூர்ப் பையன்கள் தங்கிப் படித்து ஆடுகிற விடுதியாக மாற்றினார்கள். குட்டைப் பையன்களைப் பார்க்கத் தெரிந்த இடம் என்று அதற்குப் பெயர். மெஸ்ஸி, சாவி, இனியஸ்டா மூவரும் அங்கிருந்து வந்தவர்கள்தான், உலகின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற பாலன் டி'ஓர் விருதின் 2010 இறுதிப் பட்டியலில் இருந்தவர்களும் அந்த மூவர்தான். இனியஸ்டா பன்னிரண்டு வயதில் ஊரைவிட்டு அங்கே வந்து அழுதுகொண்டிருந்தார். ஆனால் அதே பார்சிலோனா 2005-ல் ஜோர்டி ஆல்பாவை உடம்பு போதாது என்று அனுப்பியதும் உண்டு. உள்ளூர் சின்னக் கிளப்பான கோர்னேயாவுக்குப் போய், வலென்சியா போய், 2012 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இத்தாலிக்கு எதிராக கோல் அடித்தார். அந்த வருஷமே அவரை 1.4 கோடி யூரோ கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

ஹாரி கேன் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆர்சனல் அகாடமி சிறுவயதிலேயே திருப்பி அனுப்பியது, இன்றைக்கு இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர். பிறந்தது 1993 ஜூலை 28. ஆனால் தயவுசெய்து அதை லாட்டரிச் சீட்டு மாதிரி மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வந்தவர்களைப் பற்றித்தான் நமக்குத் தெரியும். வராதவர்கள் மே 31 அன்று மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இப்போது உங்கள் ஊர் விஞ்ஞானிகள் என்ன செய்து பார்க்கிறார்கள் தெரியுமா? பயோ பேண்டிங். பிறந்த தேதியைத் தள்ளி வைத்துவிட்டு உடம்பின் வளர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது. பையனின் உயரம், எடை, அப்பா அம்மா உயரம் இவற்றை வைத்து, பெரியவனானால் எவ்வளவு வளர்வான் என்று கணக்குப் போட்டு, அதில் இப்போது எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்று பார்க்கிறார்கள். பத்து வருடம் முன்பு பிரீமியர் லீக் இப்படி ஒரு போட்டியே நடத்தியது. 85 முதல் 90 சதவீதம் வளர்ச்சி எட்டிய பையன்கள் ஒரே மைதானத்தில், வயது பதினொன்றிலிருந்து பதினான்கு வரை. தாமதமாக வளர்கிற பிள்ளைகள் முதல்முறையாகப் பந்தைக் கேட்டு வாங்கி ஆட்டத்தை நடத்தினார்கள். சீக்கிரம் வளர்ந்தவர்களுக்கு அதைவிட லாபம் என்பேன். இடித்துத் தள்ளி ஓடிப் பழகியவர்கள் தங்களுக்குச் சமமான உடம்போடு மோதியபோது பாஸ் கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் பையனின் அணியில் மீசை அரும்புகிற ஒரு செப்டம்பர் பையன் இருப்பானே, அவன் மேல் உங்களுக்குப் பொறாமை இருக்கும். அவனுக்காகவும் கொஞ்சம் வருத்தப்படுங்கள். பதினாறில் எல்லோரும் அவனை எட்டிப் பிடிக்கும்போது அவன் கையில் என்ன இருக்கும் என்று யாரும் இப்போது பார்ப்பதில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. காதைத் தொடு என்று எங்கள் ஹெட்மாஸ்டர் சொன்னதும் இதுவும் ஒன்றுதானே? அவர் தேதியைக் கேட்கவில்லை, உடம்பைக் கேட்டார். தப்பு எங்கே என்றால், கேட்டுவிட்டு ஒரு தேதியை எழுதினார். அப்புறம் ஆயுசுக்கும் அந்தத் தேதிதான் பேசியது, கை பேசவில்லை. உங்கள் கிளப்பில் இந்த மாதிரி உடம்பு வளர்ச்சிக் கணக்கு வைத்திருக்கிறார்களா என்று கோச்சிடம் கேளுங்கள். பெரிய அகாடமி என்றால் அநேகமாக வைத்திருப்பார்கள். "உடம்பு வரட்டும்" என்று அவர் சொன்னது அதைப் பார்த்துச் சொன்னதா, கைகழுவச் சொன்னதா என்று அப்போது தெரிந்துவிடும். உங்கள் எக்செலில் அந்த ஒரு எண்ணுக்குத்தான் அர்த்தம் உண்டு, மற்றதை அழித்துவிடுங்கள்.

மாறலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். எந்த கிளப்புக்குப் போனாலும் அதே செப்டம்பர் 1 அங்கேயும் நிற்கும். அந்த நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளை எப்படியும் பதினாறு, பதினெட்டுக்குள் வீட்டுக்கு அனுப்பத்தான் போகிறார்கள், பயிற்சி நடக்கும்போது பள்ளிப் படிப்பைக் கவனியுங்கள். அதற்குமேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் "நாங்கள் மாறிவிடலாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் நாங்கள்? முட்டி வலிப்பது அவனுக்கு. மேட்ச் முடிந்து காரில் வரும் வழி முழுக்க நீங்கள் அந்த நிமிடக் கணக்கைத்தான் பேசிக்கொண்டு வருவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னியுங்கள். இரண்டாவது தடவை திருப்பி அனுப்பியபோது அப்பா தம்பியை பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு கடையில் உட்காரவைத்து பரோட்டா வாங்கிக் கொடுத்தாராம், தனக்கு டீ மட்டும் சொன்னாராம், பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அந்த நாளைப் பற்றி தம்பி எப்போது சொன்னாலும் பரோட்டாவைப் பற்றித்தான் சொல்வான், மூன்று தின்றதாக.

நேற்று உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். வராந்தாவில் ஈசிசேரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். உயரம், எடை, சதவீதம் எல்லாவற்றையும் படித்தேன். முடித்ததும், "பையன் எந்தக் கால்க்காரன், வலதா இடதா? எந்த இடத்துல ஆடுறான்?" என்றான். நான் திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து தேடிப் பார்த்தேன். நீங்கள் எழுதவில்லை. அவன் இன்று காலையிலும் கேட்டான், எழுதி அனுப்புங்கள்.