குறிப்பைப் பகிர்வதற்குக் காசு கட்ட வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தோட்டத்தில் இருந்தவரை பக்கத்து லயத்துக்காரர்களுக்கு மட்டும்தான் செய்து கொடுத்தேன். தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த பிறகு முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் எடுக்கிறேன். விலை, யாருக்கு எத்தனை டப்பா, யார் முன்பணம் கொடுத்தார் எல்லாவற்றையும் கைப்பேசியில் கூகுள் கீப்பில் ஒரே குறிப்பாக எழுதி வைக்கிறேன். அங்கிருந்து 'அனுப்பு' தட்டி முகநூலைத் தேர்ந்தெடுத்தால், எழுதும் பெட்டி காலியாகத் திறக்கிறது. இன்ஸ்டாகிராமின் பெயரே வருவதில்லை. படம் பிடித்து வாட்சாப்பில் போட்டால் எழுத்து மங்குகிறது. மாதம் இருபது வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் ஒரே தட்டில் எல்லா இடத்துக்கும் அனுப்பும் ஆப் இருப்பதாக மகள் சொல்கிறாள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. நீங்கள் சொன்ன மூன்றும் அந்த இருபது வெள்ளியால் தீரக்கூடியவை அல்ல.

முகநூல் காலியாகத் திறப்பது கீப்பின் கோளாறு இல்லை. உங்கள் பதிவில் வரும் வார்த்தைகளை வேறொரு ஆப் உங்களுக்காக எழுதி நிரப்பக் கூடாது என்பது முகநூல் வெகுநாளாக வைத்திருக்கும் விதி. படத்தை ஏற்கும், இணைப்பை ஏற்கும், வெறும் எழுத்தை விட்டுவிடும். காசு கட்டிய ஆப்புக்கும் இதே விதிதான். இன்ஸ்டாகிராம் பதிவுக்குப் படமோ வீடியோவோ வேண்டும். நீங்கள் வெறும் எழுத்தை அனுப்பப் பார்ப்பதால்தான் அது பட்டியலில் தலைகாட்டுவதில்லை. ஆக, விலை கொடுத்து வாங்கும் ஆப் பெரும்பாலும் செய்யப்போவது உங்கள் குறிப்பை அழகான படமாக மாற்றித் தருவதுதான். அதை உங்கள் கைப்பேசியே சும்மா செய்து தரும்.

முகநூலுக்கு, குறிப்பில் விரலை அழுத்திப் பிடித்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து ஒட்டுங்கள். டிக் போடும் கட்டங்களோடு பட்டியல் வைத்திருந்தால் முதலில் மெனுவில் அந்தக் கட்டங்களை மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் '[ ] முறுக்கு', '[x] அதிரசம்' என்று சதுர அடைப்புக்குறிகளோடு போய் விழும். பார்ப்பவர் அதிரசம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

இன்ஸ்டாகிராமுக்குத் திரையைப் படம் பிடித்துப் போடுங்கள். மேல் ஓரத்தில் மணி, பேட்டரி, வந்து நிற்கும் செய்திகளின் அடையாளங்கள் எல்லாம் படத்தில் விழும், அதை வெட்டிவிடுங்கள். படத்துக்குக் கீழே எழுதும் பகுதியில் 2,200 எழுத்துவரை இடம் உண்டு, விலைப்பட்டியலுக்கு அது தாராளம். ஆனால் அங்கே போடும் இணைப்பைத் தட்டினால் எதுவும் திறக்காது. அதனால் வாட்சாப் இணைப்பை உங்கள் சுயவிவரப் பகுதியில் வையுங்கள்.

வாட்சாப்பில் எழுத்து மங்குவதற்குக் காரணம், அது படத்தைச் சுருக்கி அனுப்புவது. படத்தைத் தேர்ந்தெடுத்ததும் மேலே 'எச்டி' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தட்டி அனுப்பிப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் கீப்பிலிருந்து கூகுள் டாக்ஸுக்கு நகலெடுத்து, பிடிஎஃப் ஆக்கி, ஆவணமாக அனுப்பலாம். சாம்சங் கைப்பேசி என்றால் சாம்சங் நோட்ஸிலிருந்து நேராகவே பிடிஎஃப்பாகவோ படமாகவோ அனுப்ப வழி இருக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறு. விலையும் வாடிக்கையாளர் கணக்கும் ஒரே குறிப்பில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்து மளிகைக் கடைக்காரர் கடன் கணக்கு எழுதும் 555 புத்தகத்தைக் கடை வாசலில் மாட்டிவைக்க மாட்டார் இல்லையா? கீப்பில் 'அனுப்பு' என்றால் நகல் போகும். 'கூட்டுப்பணியாளர்' என்று ஒருவரைச் சேர்த்தால் போவது அந்தக் குறிப்பேதான். அவர் முழுவதையும் பார்க்கலாம், திருத்தலாம், வரிகளை அழிக்கலாம். நாளைக்கு நீங்கள் சேர்க்கும் வரியும் அவருக்குத் தெரியும். பார்க்க மட்டும் அனுமதிப்பது என்ற ஏற்பாடு கீப்பில் கிடையாது. ஐபோன் நோட்ஸிலும் பகிரும்போது நகல் அனுப்புவதா, சேர்ந்து எழுதுவதா என்று இரண்டு வழி காட்டும். அவசரத்தில் இரண்டாவதைத் தட்டிவிடுவது சுலபம். நோஷன், எவர்நோட் போன்ற குறிப்பு ஆப்களில் பொது இணைப்பு உருவாக்கலாம், அது கைக்குக் கிடைத்த எவரும் திறந்து பார்க்கலாம்.

அதனால் இன்றைக்கே விலைக்கென்று தனிக் குறிப்பு ஒன்று தொடங்குங்கள். வெளியே போவது அது மட்டும்தான். ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு, தொலைபேசி எண்களின் மேல் கறுப்புக் கோடு இழுத்துப் படம் போடும் பழக்கம் வேண்டாம். கைப்பேசியில் இருக்கும் ஹைலைட்டர் பேனா ஒளி ஊடுருவும் மை மாதிரியானது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எண் பளிச்சென்று தெரிந்துவிடும்.

தனிக் குறிப்பில் தேதி கட்டாயம் இருக்கட்டும். போன தீபாவளி விலையை இந்த வருஷம் யாராவது குழுவில் திரும்பப் போட்டு, 'அம்மா, இதுதானே சொன்னீங்க?' என்று கேட்டால் தேதி உங்களைக் காப்பாற்றும். அஞ்சல் செலவையும் சேர்த்து முழு விலையைப் போடுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸ் பண்ணவும்' என்று எழுதுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழுள்ள மின்வணிக விதிமுறைகள் கேட்பது இதற்கு நேர்மாறு. பொருள் என்ன, முழு விலை என்ன, எப்படிப் பணம் கட்டுவது, எப்போது கையில் கிடைக்கும் என்பதை விற்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாங்குபவருக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

மகளின் யோசனை அன்பில் வந்தது, அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் ஆப் மாறுவதற்கு முன் ஒன்றை அவளிடம் காட்டுங்கள். எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு குறிப்பேடு என்று எல்லை வைத்தது. ஆயிரக்கணக்கில் எழுதிச் சேர்த்தவர்களுக்கு அப்போது காசு கட்டு அல்லது வேறு இடம் பார் என்ற நிலை. வியாபாரக் கணக்கை எந்த ஆப்பில் வைத்தாலும், மாதம் ஒருமுறை ஒரு பிரதியை வெளியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். ஒரு குறிப்பு ஆப்பை 'ஏழு நாள் இலவசம்' என்று பார்த்துப் போட்டேன். படமாகப் பகிர்ந்தால் அவர்கள் சின்னம் நடுவில் விழுந்தது, பிடிக்காமல் மூன்றாம் நாளே ஆப்பை நீக்கிவிட்டேன். ஆனாலும் கார்டில் பணம் எடுத்துவிட்டார்கள், சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கூடவும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது தம்பி. இந்த ஒன்று தெரியாமல் போகிற பணம் கொஞ்சநஞ்சமல்ல. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, 'கட்டணங்களும் சந்தாக்களும்' பகுதிக்குள் போய், அங்கே ரத்து செய்ய வேண்டும். ஐபோன் என்றால் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தட்டி, 'சந்தாக்கள்' பகுதியில் ரத்து செய்யுங்கள். இலவச நாள் முடிவதற்கு ஒரு நாள் முன்னதாகவே செய்வது நல்லது.

எடுத்த பணத்துக்கு, பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே திரும்பக் கேட்கலாம். அந்த நேரம் கடந்திருந்தால் ஆப்பை உருவாக்கியவருக்கு எழுதுங்கள். முதலில் சந்தாவை ரத்து செய்துவிட்டு எழுதுங்கள், இல்லையென்றால் பதில் வருவதற்குள் அடுத்த மாதத்துப் பணமும் போய்விடும்.

விலை கூடியதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். டாலரில் சொன்ன விலையை உங்கள் வங்கி வெள்ளியாக மாற்றியிருக்கும். அதற்கு மேல், வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரியிலிருந்து சேவை வரி வாங்குகிறது. முதலில் 6 விழுக்காடு, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. உள்ளூர் விற்பனையாளரோடு தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு 5 வெள்ளி கட்டிப் போகலாம், 50,000 வெள்ளிவரை வழக்கை எடுத்துக்கொள்வார்கள். எங்கோ இருக்கும் ஆப் கம்பெனியோடு மோத அது நடைமுறைக்கு ஒத்துவராது. கூகுளையும் கார்டு கொடுத்த வங்கியையும் பிடியுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் செயலவையில் செயலாளராக இருக்கிறேன். திருவிழா நன்கொடைக் கணக்கைக் கைப்பேசிக் குறிப்பில் எழுதி, செயலவையினர் எல்லாரையும் அதில் சேர்த்தேன். யாரோ இரண்டு வரியை அழித்துவிட்டார்கள். இப்போது கணக்கை முகநூலில் போடச் சொல்கிறார்கள். அப்படியே போடலாமா?

பதில்: அப்படியே போடாதீர்கள். நீங்களும் பொருளாளரும் மட்டும் குறிப்பில் எழுதுபவர்களாக இருங்கள், மற்றவர்களை நீக்கிவிடுங்கள். வசூல் நாள் முடிந்ததும் ஒரு பிடிஎஃப் நகலைச் செயலவை வாட்சாப் குழுவில் போட்டால் போதும். எல்லாரும் பார்ப்பார்கள், யாரும் தவறிக்கூட அழிக்க முடியாது. அழிந்த இரண்டு வரியை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.

முகநூலுக்குப் பெயரும் தொகையும் போதும், அதுவும் கொடுத்தவர் சம்மதத்தோடு. தொலைபேசி எண், வீட்டு முகவரி, ஐசி (அடையாள அட்டை) எண் எதுவும் வேண்டாம். 12 இலக்க ஐசி எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும். பெயரோடு அது கிடைத்தால், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று அழைப்பவனுக்கு முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் பெயர்தான் அந்தப் பட்டியலில் நிறைய இருக்கும், அவர்களைத்தான் இப்படி அழைக்கிறார்கள். யாருக்காவது பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் அழைக்கச் சொல்லுங்கள்.

டுயிட்நவ் என்ற உடனடிப் பணமாற்று வசதி வழியாக நன்கொடை வாங்குவதாக இருந்தால் கோயில் கணக்கின் கியூஆர் படத்தை மட்டும் பதிவில் வையுங்கள். பொருளாளரின் ஐசி எண்ணைப் பணம் வாங்கும் அடையாளமாகக் கொடுக்க வேண்டாம். பெயர் வெளியே வருவதை விரும்பாதவர்களுக்கு 'பக்தர்' என்று எழுதிப் பக்கத்தில் ரசீது எண்ணைப் போடுங்கள். கூட்டுத்தொகையும் சரியாக வரும், கொடுத்தவரும் தன் பணம் பதிவாகிவிட்டதைப் பார்த்துக்கொள்வார்.