சிஸ்டரிடம் கேளுங்கள்: அப்பா தலையில் ஐஸ் வைத்தது தப்பா?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவின் இரண்டாம் நாள், நல்ல உச்சி வெயில். பிரஷர் உள்ள என் அப்பாவுக்கு (வயது 64) திடீரென்று வலது கை துவண்டு, வாய் கோணி, பக்கவாதம் வந்துவிட்டது. மூளையைக் குளிர வைத்தால் பிழைக்கும் என்று செல்போனில் படித்ததாகச் சொல்லி, பெரியப்பா ஐஸைத் துணியில் சுற்றித் தலையில் வைத்தார். அம்மா இரண்டு கரண்டி காபி புகட்டினார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வண்டி பிடித்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. இப்போது அப்பா கம்பு ஊன்றி நடக்கிறார். ஐஸ் வைத்தது தப்பா? அம்மா பெரியப்பாவுடன் பேசுவதே இல்லை.
- வாசகி, பெகு, பர்மா

பதில்: முதலில் அம்மாவைப் பேசச் சொல்லுங்கள். பெரியப்பா படித்தது பொய்யில்லை. பாதியோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

மூளை நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் உடம்புக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். உடல் சூடு ஒரு டிகிரி இறங்கினால் அதன் பசி ஆறேழு சதவீதம் குறையும். ரத்தக் குழாய் அடைத்துப் பட்டினி கிடக்கும் நேரத்தில் பசி குறைந்தால் நல்லதுதானே என்று டாக்டர்களும் கணக்குப் போட்டார்கள். ஐரோப்பாவில் 1500 நோயாளிகளை 34, 35 டிகிரிக்குக் குளிர வைத்துப் பார்க்க ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஆளும் சேரவில்லை, பணமும் நின்றது. 98 பேரோடு முடித்துக்கொண்டார்கள். அவர்களில் குளிர வைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடத் தேறியதாகத் தெரியவில்லை. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையை, மூளையைக் காப்பாற்ற, 72 மணி நேரம் 33.5 டிகிரியில் வைத்திருப்பது வசதியான நாடுகளில் வழக்கமான சிகிச்சை. அதையே இந்தியா, இலங்கை, பங்களாதேஷில் 408 குழந்தைகளிடம் சோதித்தபோது சாவுதான் கூடியது என்று 2021இல் முடிவு வெளியானது.

ஆஸ்பத்திரியில் குளிர வைப்பது என்றால் குளிர்ந்த சலைன் ஏற்றுவார்கள், குளிர்நீர் ஓடும் விரிப்பால் போர்த்துவார்கள், நடுக்கத்தை அடக்க மருந்தும் கொடுப்பார்கள். நடுங்கும் உடம்பு இன்னும் அதிகமாகப் பிராணவாயுவைச் செலவழிக்கும். அத்தனைக்குப் பிறகும் நிமோனியா பயம் உண்டு. துணியில் சுற்றிய ஐஸ் தலைமுடியை நனைக்கும். 37 டிகிரி ரத்தம் கீழேயிருந்து ஏறிக்கொண்டே இருக்கும்போது உள்ளே என்ன குளிரும்?

ஐஸை விடுங்கள். போன அந்த ஒரு மணி நேரம்தான் நஷ்டம். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் சாகும் என்பது கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்குள் ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக் கசிவா என்றும் பார்க்க வேண்டும். நாம் இந்த நோயை வாதம், அதாவது வாயு, என்கிறோம். பர்மியர்கள் 'லே பியட்', காற்று வெட்டியது, என்கிறார்கள். இரண்டு மொழியும் காற்றின் மேல் பழி போட்டதால்தானோ என்னவோ, வண்டியைத் தேடாமல் தைலத்தைத் தேடுகிறோம்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்தக் காபி. வாய் கோணியவருக்குத் தொண்டையும் ஒத்துழைக்காமல் போகலாம். காபி நுரையீரலுக்குள் இறங்கினால் இரண்டு, மூன்று நாளில் காய்ச்சல் வரலாம். அப்பாவுக்கு வந்தது அதுதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் 31 வருடம் வார்டில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்து அவர் தன்னோடே பேசமாட்டார்.

காய்ச்சலை மட்டும் விடக்கூடாது. பட்டினி கிடக்கும் மூளைக்குச் சூடு ஏறினால் சேதம் கூடும். ஆஸ்திரேலியாவில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் என்ற மூன்றை மட்டும் நர்சுகள் ஒழுங்காகக் கவனித்த வார்டுகளில், 90 நாளில் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்தவர்களும் மொத்தமாகச் சேர்த்துக் குறைவு என்று 2011இல் நிரூபித்தார்கள். 37.5ஐத் தொட்டால் பாராசிட்டமால், அவ்வளவு எளிது. அதைப் படித்த அன்று வார்டுக்கே மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்தேன். தெர்மாமீட்டரும் கையுமாக அலைந்த எங்களுக்கு யார் விருது தந்தார்கள்?

கேள்வி: வாதம் வந்து மூன்று மாதமான அம்மாவுக்குத் தனாக்கா (மரக்கட்டையைத் தேய்த்து முகத்தில் பூசும் பர்மியப் பூச்சு) பூசலாமா? குளிர்ச்சி ஆகாது என்கிறார்கள்.
- வாசகர், மோல்மேன்

பதில்: தாராளமாகப் பூசுங்கள். கட்டையைக் கல்லில் தேய்ப்பதை மட்டும் துவண்ட கையாலேயே, முடிந்தவரை, அம்மா செய்யட்டும். தண்ணீர் நீங்கள் விடுங்கள்.